இரண்டு தலைப்பிரசவங்கள்

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
ஜூன் 8

அன்புள்ள பரிதி அண்ணாவுக்கு,

உன் அட்டை நேற்று வந்தது. முன்பக்கம் இருந்த மலையைக் காட்டிலும் பின்பக்கம் இருந்த உன் கையெழுத்துதான் பயமாக இருந்தது. "செல்போன் எடுக்காது, எழுதினால் தமிழில் எழுது, கூடாரத்தில் மூன்று பேர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். அதனால்தான் தமிழ். பிழை இருந்தால் திருத்தி அனுப்பாதே.

இங்கே தார் உருகும் வெயில். உன் கல்லூரிக் கூட்டாளிகள் எல்லோரும் கோடை வேலைக்குச் சம்பளத்தோடு போய்விட்டார்கள். அப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் உனக்குச் சம்பளம் வாங்க அனுமதி இல்லை, அதனால்தான் காட்டில் இலவசமாகப் பாதை வெட்டுகிறாய் என்று அம்மா யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால், "மலையேறப் போயிருக்கான், அவனுக்கு அதுல ஒரு கிறுக்கு" என்கிறாள்.

சனிக்கிழமை கொண்டல் ராவ் அங்கிள் வீட்டில் விருந்து. எப்போதும் போல ஆண்கள் எல்லோரும் கராஜில் விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து கிரீன் கார்டு வரிசையைப் பற்றிப் பேசினார்கள். 2014-இல் இடம்பிடித்த அப்பா இன்னும் நிற்கிறார், இப்போது 2012-க்காரர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். கொண்டல் ராவ் அங்கிள் 2017.

"என் தேதி வரும்போது நான் இருக்க மாட்டேன் சண்முகவேல். என் படத்துக்கு மாலை போட்டு, அந்த ஆணியிலயே கார்டையும் தொங்கவிடச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அப்பா, "எனக்குக் கவலை இல்லப்பா. என் பொண்ணு இங்க பொறந்தவ. இன்னும் ஆறு வருஷத்துல அவ எனக்கு வாங்கிக் கொடுத்துடுவா" என்றார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் கையில் சமோசா இருந்தது. அதை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். எனக்கு இருபத்தொன்று ஆக ஆறு வருஷம். உனக்கு இருபத்தொன்று செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி. அன்றைக்கு நீ அப்பாவின் பிள்ளை என்ற கணக்கிலிருந்து விழுந்துவிடுவாய். நான்கு வயதில் வந்த ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கும். இதை அந்தக் கராஜில் யாரும் சொல்லவில்லை.

நான் நூலகத்தில் எல்லா வழிகளையும் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். அபூர்வத் திறமை உள்ளவர்களுக்கு வேறு வரிசை இருக்கிறதாம். அப்பாவிடம் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்தே, "டிவி ஓடும்போதே குறட்டை விடுவாரு. அதுக்கு ஒரு பிரிவு இருந்தா போட்டுப் பாரு" என்றாள். முதலீடு செய்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. நாம் வீட்டை விற்றாலும் போதாது. கல்யாணம் இன்னொன்று. கொண்டல் ராவ் ஆன்ட்டி உனக்கு அமெரிக்கப் பெண் பார்க்கத் தயாராக இருக்கிறார். "முதல்ல அவன் துணிய அவன் மடிக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

இன்னும் படிக்கிறேன். நம்பிக்கையை விடாதே.

அன்புத் தங்கை,
நித்திலா

*

மோன்டானா
ஜூன் 19

நித்தி,

கடிதம் கிடைத்தது. மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். "இது எழுத்தா, ஜிலேபியா?" என்று ஒருவன் கேட்டான்.

கை முழுக்கக் கொப்புளம். கீழே விழுந்த மரத்தை இரண்டு பக்கமும் ஆள் நின்று ரம்பத்தால் அறுக்கிறோம். ராத்திரி படுத்தால் கல்போலத் தூக்கம். நான் யார், எந்த விசா என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. அது பெரிய நிம்மதி.

அதனால் ஒன்று கேட்கிறேன். வரிசையைப் பற்றி இனி எழுதாதே. என்ன படித்தாய், எந்த வழி இருக்கிறது, எதுவும் வேண்டாம். எட்டாவது படிக்கும்போதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் "இந்த வருஷம் சட்டம் மாறும்" என்று அப்பா சொல்ல, நான் நம்பி, பிறகு ஒன்றும் நடக்காமல் போய், எனக்கு அலுத்துவிட்டது. நம்புவதுதான் வலிக்கிறது, நித்தி. நம்பாவிட்டால் வலி இல்லை.

உனக்கு மட்டும் சொல்கிறேன். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் மிச்சப் படிப்பை முடிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் வருகிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும். சொல்லப்போகிறேன். அம்மாவிடம் நானே வந்து சொல்வேன், நீ வாயைத் திறக்காதே.

இன்னொன்று. என் அறையை நீ எடுத்துக்கொள். இப்போதே. நான் போனபிறகு அந்த அறை காலியாகக் கிடந்தால் அம்மா அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். உனக்கும் அந்த ஜன்னல்மேல் எத்தனை வருஷமாகக் கண்!

பரிதி

*

ஃபிரிஸ்கோ
ஜூன் 30

அன்புள்ள அண்ணா,

சரி. வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

அறையை எடுத்துக்கொண்டேன். எனக்கு விருப்பமில்லை, ஆனால் நீ சொன்ன காரணம் சரி. புத்தகங்களை நாற்பது நடை தூக்கியிருப்பேன். உன் கூடைப்பந்துக் கோப்பைகளைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கிழநாய் தெரிகிறது. நாள் முழுக்க ஒரே நிழலுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

அம்மா வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏட்டி, அவன் அறைக்குள்ள என்ன பண்ற?"

"இங்க வெளிச்சம் நல்லா இருக்கும்மா. அண்ணாதான் எடுத்துக்கச் சொன்னான்."

அம்மா உன் கட்டிலில் உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்திருந்த உன் பனியன்களைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு சொன்னாள்:

"அவன் வயித்துல இருந்தப்ப நாங்க இங்கதான் இருந்தோம், தெரியுமா? டல்லாஸ்ல. அப்பாவோட முதல் பிராஜெக்ட். ஏழாம் மாசம் நான் மட்டும் விமானம் ஏறி சங்கரன்கோவில் போயிட்டேன். தலைப்பிரசவம் தாய் வீட்லன்னு. போகாம இருந்திருந்தா அவனும் உன்ன மாதிரி இங்க பொறந்திருப்பான். இப்ப ஒருத்தரும் அவனப் போகச் சொல்ல முடியாது."

"ஏம்மா போனே?"

"எங்கம்மா வாங்கின பேச்ச நானும் வாங்கக் கூடாதுன்னு போனேன்."

என்ன பேச்சு என்று கேட்பதற்குள் சலவை இயந்திரம் கூப்பிட்டது, எழுந்து போய்விட்டாள். அண்ணா, இத்தனை வருஷமும் இதை மனதில் வைத்துக்கொண்டு நமக்குச் சோறு போட்டிருக்கிறாள். இது வரிசையைப் பற்றிய சேதி இல்லை, அம்மாவைப் பற்றிய சேதி. அதனால் எழுதினேன்.

அன்புடன்,
நித்திலா

*

ஃபிரிஸ்கோ
ஜூலை 6

அண்ணா,

உன் பதில் வருவதற்குள் மறுபடி எழுதுகிறேன். கொடுத்த வாக்கையும் மீறுகிறேன். கோபப்பட வேண்டுமென்றால் கடைசிவரை படித்துவிட்டுப் படு.

இந்தக் கோடையில் நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறேன் இல்லையா, அங்கே மிசஸ் முலெங்கா என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். சிரித்தால் கூடமெல்லாம் திரும்பிப் பார்க்கும். நேற்று என்னை அழைத்துப்போக அம்மா உள்ளே வந்தாள். அவருடைய பெயர் அட்டையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நீங்க சாம்பியாவா?"

"ஆமாம்மா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எல்லாரும் நைஜீரியாவான்னுதான் கேப்பாங்க."

அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு, "முலிஷானி" என்றாள். அது அவர்கள் மொழியில் நலமா என்று கேட்பதாம். மிசஸ் முலெங்கா மேசையைச் சுற்றி ஓடி வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா தினம் காலையில இதைச் சொல்லித்தான் என்னை எழுப்புவாரு. என்டோலாவுல கணக்கு வாத்தியாரா இருந்தாரு. நான் பொறந்ததே அங்கதான்" என்றாள் அம்மா.

"அப்போ நீ எங்க பொண்ணு! இத்தனை நாளா எங்க ஒளிஞ்சிருந்தே?"

என் கையிலிருந்த புத்தகங்கள் கீழே விழவில்லை. கதைகளில்தான் விழும். ஆனால் எந்தப் புத்தகத்தை எந்தத் தட்டில் வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. காரில் ஏறியதும் கேட்டேன்.

"அம்மா, உன் ஊரு சங்கரன்கோவில்னுதானே சொல்லுவே?"

"ஆமா, ஊரு அதுதான். யாராவது ஊரு எதுன்னு கேட்டா பொறந்த ஆஸ்பத்திரியையா சொல்லுவாங்க? அங்க எட்டு மாசம் இருந்திருப்பேன். உங்க ஆச்சிக்கு ஏழாம் மாசம் ரத்த அழுத்தம் கூடி, பயணம் கூடாதுன்னுட்டாங்க. அதான் தாய் வீட்டுக்கு வர முடியல. அதுக்கு எங்க ஆவுடை அத்த, எங்கப்பாவோட அக்கா, சாகிற வரைக்கும் ஆச்சியக் குத்திக் காட்டினா. 'தலைச்சன் பிள்ளைய ஆப்பிரிக்காவுல பெத்தவதான நீ'ன்னு. அதனால வீட்ல அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம்."

அண்ணா, நான் படித்ததைச் சொல்கிறேன். வரிசை குடியுரிமையை வைத்து இல்லை, பிறந்த நாட்டை வைத்து. கணவனும் மனைவியும் வேறு வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவரில் யார் நாட்டுக்கு வரிசை சின்னதோ அதில் குடும்பமே நிற்கலாம். சாம்பியாவில் பிறந்தவர்களுக்கு 2014 எப்போதோ தாண்டிவிட்டது. அம்மாவின் பின்னால் போய் நின்றால், நமக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். சப்பாத்தியைப் பிய்த்தபடியே, "உங்கம்மா சாம்பியாவுல பொறந்தது எனக்குத் தெரியுமே. விசா ஃபாரம் ஒவ்வொண்ணுலயும் எழுதியிருக்கேனே" என்றார்.

"கிரீன் கார்டு வக்கீல்கிட்ட சொன்னீங்களாப்பா?"

"அவர் கம்பெனி வக்கீல்மா. மனு என் பேர்ல. என்னைத்தான் எங்க பொறந்தேன்னு கேட்டாரு. அதுக்கும் உங்கம்மா பொறந்ததுக்கும் என்ன..."

பிய்த்த சப்பாத்தியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"என்னை யாரு கேட்டா?" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. குழம்பை அவர் தட்டில் ஊற்றியபடியே சொன்னாள். அப்பா அந்தக் குழம்பைத் தொடவே இல்லை.

முன்னூறு ஆண்கள் இருக்கும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இத்தனை வருஷமாகத் தேதி தேதியாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மனைவி எங்கே பிறந்தாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா திங்கட்கிழமை வக்கீலிடம் பேசுவார். "அது வரைக்கும் பரிதிகிட்ட சொல்லாத, பாவம்" என்றார். நான் சொல்லிவிட்டேன்.

நித்திலா

*

மோன்டானா
ஜூலை 14

நித்தி,

படித்தேன். கோபப்பட்டேன். இப்போது கோபம் இல்லை, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

நேற்று முழுவதும் ரம்பம் ஓடவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற டேனியல், "உன் தலை எங்கே இருக்கு?" என்று இரண்டு தடவை கத்தினான். இதற்குத்தான் எழுத வேண்டாம் என்றேன். இது உண்மையாக இருந்தால் இத்தனை வருஷமாக ஒரு வக்கீலுக்குக் கூடவா தெரியாமல் இருக்கும்? பதினைந்து வயதுப் பெண் நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிப்பாளா? ஏதாவது ஒரு "ஆனால்" இருக்கும். எப்போதும் இருக்கும்.

டொரன்டோவுக்கு உறுதி சொல்லும் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பைக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த தடவை சரக்கு வண்டி ஊருக்கு இறங்கும்போது தபாலில் சேர்ப்பேன்.

அம்மாவிடம் மட்டும் ஒன்று சொல். சங்கரன்கோவிலில் பிறந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவள் எதற்காகப் போனாள் என்று தெரிந்தபிறகு இன்னும் இல்லை.

முலிஷானி என்றால் என்ன பதில் சொல்ல வேண்டும்? மிசஸ் முலெங்காவிடம் கேட்டு எழுது.

பரிதி

*

ஃபிரிஸ்கோ
ஜூலை 24

அன்புள்ள அண்ணா,

பதில் "பவாமா" என்று சொல்ல வேண்டுமாம். நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம். இது முதல் சேதி.

இரண்டாவது சேதி: "ஆனால்" இருந்தது. நீ சொன்னது சரி. ஆனால் அது நம் பக்கம் இருந்தது.

அப்பா வேறு ஒரு வக்கீலைப் பார்த்தார், நானும் கூடப் போனேன். அந்த அம்மா பேசும்போது பென்சிலைக் கூந்தலில் செருகிக்கொள்கிறார். "பிள்ளையின் வயதுதான் சிக்கல். வாய்ப்பு திறந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்டால்தான் வயது அங்கேயே நிற்கும். பழைய மனுவை வைத்துக் கேட்டால் காலம் கடந்துவிட்டது" என்றார். அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. பிறகு வக்கீல் அம்மா தாளைத் திருப்பி, "புதுக் கம்பெனியின் மனு எப்போது ஏற்கப்பட்டது?" என்று கேட்டார். இந்த வருஷம் மார்ச்சில்தான். அப்பா வேலை மாறியபோது நீ அவரைத் திட்டினாய், நினைவிருக்கிறதா? இடம்பிடித்த பழைய தேதி அப்படியே கூட வந்துவிட்டது, கேட்கும் கெடு மட்டும் புதிதாகிவிட்டது. மார்ச்சில் உனக்கு இருபதுதான். கேட்டுவிட்டால் நீ இருபதிலேயே நிற்பாய்.

அப்பா வெளியே வந்து காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பவே இல்லை. "இத்தன வருஷம் எல்லாருக்கும் வரிசைய விளக்கிச் சொல்லிட்டிருந்தேன், நித்தி" என்றார். நான் ஏசியைப் போடச் சொன்னேன்.

அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு சிக்கல். பெயர் வைக்கும் முன் பதிந்தது, அதனால் "பெண் குழந்தை" என்றுதான் இருக்கிறது. அந்தக் குழந்தைதான் கோமதி என்று விவரம் தெரிந்த உறவினர்கள் இருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மாவின் தம்பியான மாமாவைத்தான் முதலில் சொன்னோம். மாமா அப்போது பிறக்கவே இல்லை என்று வக்கீல் தள்ளிவிட்டார். ஆச்சியோடு என்டோலாவில் இருந்த பாக்கியம் டீச்சர் தூரத்து உறவுதான், அவர் சம்மதித்தார். இன்னொருவர் யார் என்று நினைக்கிறாய்? அந்த ஆவுடை அத்தைதான். "சாகிற வரைக்கும்" என்று அம்மா சொன்னது ஆச்சி சாகிற வரைக்கும். ஆவுடையம்மாளுக்கு எண்பத்தெட்டு, அசைக்க முடியாது. மாமா போனைப் பிடித்துக்கொள்ள, வீடியோவில் வந்தார். காதுக்கு மிக அருகில் வைத்திருந்ததால் பாம்படம் மட்டும்தான் தெரிந்தது.

"ஏ கோமதி! நீ ஆப்பிரிக்காவுல பொறந்தத நான்தான சொல்லணும்? நாப்பத்தஞ்சு வருசமா சொல்லிக்கிட்டுத்தான கெடக்கேன்! இப்பதான் கையெழுத்து கேக்கியளாக்கும்?"

"ஆமாத்த. இப்பதான் அது தேவைப்படுது."

"அப்ப உங்கம்மா அங்கன பெத்தது தப்பில்லங்கியா?"

அம்மா போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "எங்கம்மா அங்க பெத்ததுனாலதான் என் மகன் என்கூட இருக்கப்போறான் அத்த" என்றாள்.

பாம்படம் ஆடாமல் நின்றது. பிறகு, "பேனாவக் கொண்டால" என்று மாமாவை அதட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூன்றாவது சேதிதான் முக்கியம். இந்த உறையில் உன் விண்ணப்பம் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட வேண்டும், ஊருக்கு இறங்கி மருத்துவரிடம் சோதனை செய்து, அவர் ஒட்டித் தரும் உறையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நீ போடாவிட்டால் எங்கள் விண்ணப்பம் மட்டும் போகும். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். டொரன்டோவைப் பற்றி நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

நீ நம்ப வேண்டாம், அண்ணா. நம்பாமலே கையெழுத்துப் போடலாம். அப்படியும் செல்லும்.

நித்திலா

*

மோன்டானா
ஆகஸ்ட் 2

நித்தி,

சரக்கு வண்டியில் இறங்கினேன். மருத்துவர் ஊசி போட்டார், ரத்தம் எடுத்தார், "கொப்புளத்துக்கு மருந்து வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உறையை ஒட்டிக் கொடுத்தார். அஞ்சலகத்தில் இரண்டு தபால்களையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன்னுடையது ஒன்று, டொரன்டோவுக்கு ஒன்று. பின்னால் நின்ற கிழவர், "தம்பி, முடிவு பண்ணிட்டு வா, நான் முட்டை வாங்கணும்" என்றார்.

உன்னுடையதை அனுப்பினேன். இன்னொன்று பையிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஆகஸ்ட் முடிய இன்னும் நாள் இருக்கிறது.

நம்பவில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

பரிதி

*

ஃபிரிஸ்கோ
ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்துவிட்டது! விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டோம் என்று நான்கு பேருக்கும், இல்லை, மூன்று பேருக்கும் (நான் எப்போதும் மறந்துவிடுகிறேன், எனக்குத் தேவையில்லை) தனித்தனியாகத் தாள் வந்திருக்கிறது. உன்னுடையதன் நகலை இதில் வைத்திருக்கிறேன். கார்டு வர மாதங்கள் ஆகும். ஆனால் செப்டம்பர் பத்தொன்பது இனி உன் பிறந்தநாள் மட்டும்தான் என்று வக்கீல் அம்மா சொன்னார். வேலை செய்யும் அனுமதி கார்டுக்கு முன்பே வரலாமாம். அடுத்த கோடையில் சம்பளத்துக்கு மரம் அறு.

அம்மா தபால்பெட்டிக்குப் பக்கத்திலேயே வெயிலில் நின்று படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். உள்ளே வந்து, அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். பிறகு எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். இரண்டு மணி நேரம் முறுக்கு சுட்டாள். மிசஸ் முலெங்காவுக்கு ஒரு டப்பா போயிருக்கிறது. உனக்கு ஒன்று வருகிறது, கூடாரத்தில் இருக்கிறவர்கள் அதையும் எட்டிப் பார்க்கட்டும்.

அப்பா அந்தக் குழுவில் ஒரே ஒரு வரி போட்டார்: "எல்லாரும் இன்னிக்கு வீட்டம்மா எங்க பொறந்தாங்கன்னு கேளுங்க." கொண்டல் ராவ் அங்கிள் உடனே கேட்டிருக்கிறார். ஆன்ட்டி, "கரீம்நகர்! கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சுதான் இதைக் கேக்கத் தோணிச்சா?" என்று அவருக்குக் காபி தராமல் விட்டுவிட்டாராம். பாவம், அவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. ஆனால் குழுவில் ஒருவரின் மனைவி குவைத்தில் பிறந்தவர். அவர் ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து அழுதார்.

அம்மாவிடம் நேற்று மிசஸ் முலெங்காவின் கணவர் எந்த ஊர் என்று கேட்டார். அம்மா இன்னும் சங்கரன்கோவில் என்றுதான் சொன்னாள்.

அந்த இன்னொரு தபாலை என்ன செய்யப்போகிறாய்? நான் கேட்கவில்லை என்றுதான் எழுத நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

உன்,
நித்திலா

*

மோன்டானா
ஆகஸ்ட் 26

நித்தி,

முறுக்கு இரண்டு நிமிஷத்தில் தீர்ந்தது. ஜிலேபி எழுத்து என்று சொன்னவன்தான் அதிகம் தின்றான்.

நேற்று ராத்திரி மழை. விறகு நனைந்துவிட்டது, அடுப்பு மூட்டக் காய்ந்த காகிதம் யாரிடமும் இல்லை. என் பையில் ஒன்று இருந்தது. நன்றாகப் பற்றிக்கொண்டது.

சனிக்கிழமை காலை வீட்டுக்கு வருகிறேன். அம்மாவிடம் பவாமா என்று சொல்.

என் அறையைக் காலி செய். கோப்பைகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். ஜன்னல் பக்கத்து அலமாரியை மட்டும் நீ வைத்துக்கொள். வந்து வந்து படி, கதவைத் தட்டிவிட்டு.

அண்ணன்